எஸ்.ஜி. அயர்ன் ஃபிக்ஸரில் சேட்டர்: குற்றம் இரும்பிலா, இருக்கையிலா?

வாசகர் கேள்வி, 03.02.2024

பம்ப் கேசிங் போரிங் செய்வதற்கு, அதாவது பம்பின் வெளிக்கூட்டில் துளையைக் கடைவதற்கு, எங்கள் பட்டறையில் பதினைந்து ஆண்டுகளாக ஒரு சி.ஐ. (சாதாரண வார்ப்பிரும்பு) ஃபிக்ஸர், அதாவது கேசிங்கை அசையாமல் பிடிக்கும் தாங்கி, இருந்தது. சென்ற மாதம் அது கிரேன் சங்கிலியிலிருந்து நழுவி விழுந்ததில் ஒரு கை முறிந்துவிட்டது. இனி உடையவே கூடாது என்று அதே பேட்டர்னை (வார்ப்பு அச்சுக்கான மாதிரி வடிவத்தை) கொடுத்து, எளிதில் முறியாத வார்ப்பிரும்பான எஸ்.ஜி. அயர்ன் 500/7 கிரேடில் வார்த்து வாங்கினோம். புதிய ஃபிக்ஸரில் ஏற்றிய முதல் கேசிங்கிலேயே சேட்டர் (வெட்டும்போது எழும் அதிர்வு) விழுந்தது. துளையின் உட்பரப்பு முழுவதும் வரிவரியாக இருக்கிறது; சத்தமும் காதைத் துளைக்கிறது. மெஷின், டூல், வேகம், ஃபீட் எதையும் மாற்றவில்லை. மாறியது இரும்பு மட்டும்தான். நல்ல இரும்புக்கு மாறியதற்கா இந்தத் தண்டனை?

03.02.2024, இரவு 9.50

இரும்பு மாறியதுதான் காரணம். கோவையில் ஒரு பவுண்டரியின் சோதனைக்கூடத்தில் 31 ஆண்டுகள் இருந்தவன் நான். இதே புகாரைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். நீங்கள் வாங்கியது இழுவிசைக்கு நல்ல இரும்பு, அடி தாங்குவதற்கு நல்ல இரும்பு, கிரேனிலிருந்து விழுவதற்கும் நல்ல இரும்பு. அதிர்வை அடக்குவதற்கு அது நல்ல இரும்பு அன்று.

சாதாரண சி.ஐ.யில் எடைக்கணக்கில் 3 சதவிகிதத்துக்குச் சற்று மேல் கார்பன் இருக்கிறது. அதில் ஒரு பங்கு பெர்லைட் என்ற இரும்பு-கார்பன் அமைப்புக்குள் போய்விட, மீதி கிராஃபைட்டாகப் பிரிந்து நிற்கிறது. கிராஃபைட் லேசானது என்பதால், எடையில் 2.5 சதவிகிதமாக இருப்பது கன அளவில் ஏறக்குறைய 8 சதவிகித இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது எந்த உருவத்தில் நிற்கிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. சி.ஐ.யில் அது செதில். மெருகேற்றிய துண்டை 100 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்புப் புழுக்கள் தனித்தனியே நெளிவதுபோலத் தெரியும். உண்மையில் அவை தனித்தனியானவை அல்ல. முட்டைகோஸைக் குறுக்கே வெட்டினால் வெட்டுமுகத்தில் கோடுகள்தாம் தெரிகின்றன, ஆனால் அவை ஒரே தண்டிலிருந்து விரிந்த இலைகள் அல்லவா? கிராஃபைட் செதில்களும் அப்படியே ஒரு மையத்திலிருந்து விரிந்து ஒன்றோடொன்று தொடர்ந்து நிற்கின்றன.

செதிலுக்குள் கிராஃபைட் அடுக்கடுக்காக இருக்கிறது. அடுக்குகளுக்கு இடையில் பிடிப்பு மிகக் குறைவு. இரும்பு அதிரும்போது அந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து உராய்கின்றன. செதிலின் கூரிய முனையில் அழுத்தம் குவிவதால், அங்கே இருக்கும் இரும்பு ஒவ்வோர் அதிர்விலும் இம்மியளவு வளைந்து, முழுவதுமாகத் திரும்பி வராமல் நிற்கிறது. இரண்டு இடத்திலும் அதிர்வின் ஆற்றல் வெப்பமாகக் கரைந்துபோகிறது. எஸ்.ஜி.யிலோ மெக்னீசியம் சேர்த்துக் கிராஃபைட்டைக் கடுகுபோல உருட்டிவிடுகிறோம். கடுகுக்கு முனை இல்லை, அது தொடர்ந்தும் நிற்பதில்லை. முறியாமல் இருப்பதற்கு எது காரணமோ அதுவே அதிர்வை உறிஞ்சாமல் இருப்பதற்கும் காரணம்.

04.02.2024, காலை 6.30

எண்கள் இல்லாமல் எழுதியது உறுத்தியதால் தொடர்கிறேன். தட்டிவிட்ட ஒரு துண்டின் அதிர்வில், அடுத்தடுத்த இரண்டு வீச்சுகளின் விகிதத்துக்கு இயல் மடக்கை எடுத்து அதைப் பத்தாயிரத்தால் பெருக்கிச் சொல்வது வார்ப்புத் துறையின் பழைய வழக்கம். அந்தக் கணக்கில் பெரிய செதில் கொண்ட சி.ஐ. 100 முதல் 500 வரையிலும், சிறிய செதில் கொண்டது 20 முதல் 100 வரையிலும், எஸ்.ஜி. 5 முதல் 20 வரையிலும், மேலியபிள் என்ற இன்னொரு வகை வார்ப்பிரும்பு 8 முதல் 15 வரையிலும் வரும். வெள்ளை வார்ப்பிரும்பு 2 முதல் 4, ஸ்டீல் ஏறக்குறைய 4, அலுமினியம் 0.4.

அட்டவணையாகப் பார்த்தால் இது மனத்தில் ஒட்டாது, ஆகவே நேரமாக மாற்றிப் பாருங்கள். 100 என்ற மதிப்புள்ள சி.ஐ. துண்டைத் தட்டினால், 100 சுற்று அதிர்வதற்குள் வீச்சு 37 சதவிகிதமாகத் தேய்ந்துவிடும். 10 என்ற மதிப்புள்ள எஸ்.ஜி.க்கு அதே தேய்வு வர 1,000 சுற்று வேண்டும். ஸ்டீலுக்கு 2,500 சுற்று. நொடிக்கு ஆயிரம் அதிர்வு என்று வைத்துக்கொண்டால் சி.ஐ. 0.1 நொடியிலும், எஸ்.ஜி. 1 நொடியிலும், ஸ்டீல் 2.5 நொடியிலும் அந்த நிலைக்கு வருகின்றன. கையில் பிடித்துத் தட்டினால் சி.ஐ. "டொக்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறது, எஸ்.ஜி. "டங்ங்" என்று இழுக்கிறது.

04.02.2024, காலை 7.05

ஒரு திருத்தம். நேற்று எஸ்.ஜி. "உறிஞ்சாமல் இருப்பதற்கும்" என்று எழுதியது மிகை. மேலே உள்ள எண்களின்படியே அது ஸ்டீலைவிடச் சற்று மேலானதுதான். செதிலோடு ஒப்பிடும்போதுதான் அது ஏழை.

07.02.2024, இரவு 10.20

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அடி வாங்கித் தெரிந்துகொண்டேன். 1990களின் நடுவில் ஒரு வாடிக்கையாளருக்கு மில்லிங் மெஷினின் தூண் வார்ப்பு செய்து கொடுத்தோம். ஐ.எஸ். 210 என்ற இந்தியத் தரத்தில் எஃப்.ஜி. 200 கிரேடு சி.ஐ., அதாவது 200 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும் இரும்பு, கேட்டிருந்தார். அப்போது எங்களிடம் ஸ்டீல் ஸ்கிராப் மலிவாகக் கிடைத்தது. இண்டக்ஷன் ஃபர்னஸில் அதைத் தாராளமாகப் போட்டோம். கார்பன் இறங்கியது, சிலிக்கானையும் ஏற்றவில்லை. 30 மி.மீ. டெஸ்ட் பாரை இழுத்துப் பார்த்தபோது 310 மெகாபாஸ்கல் வந்தது. கேட்டது 200, கொடுத்தது 310 என்று சான்றிதழில் நானே பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதத்தில் தூண் திரும்பி வந்தது. ஃபினிஷ் கட் எடுத்தாலே சேட்டர் என்று எழுதியிருந்தார்கள். "கேட்டதைவிட ஒன்றரை மடங்கு வலுவாகக் கொடுத்திருக்கிறோம், இதற்கு மேல் என்ன குறை?" என்று எங்கள் மேலாளர் கோபப்பட்டார். நான் தூணின் உள்விலா ஒன்றிலிருந்து ஒரு துண்டு அறுத்து மெருகேற்றிப் பார்த்தேன். அங்கே முட்டைகோஸே இல்லை. இரும்புக் கிளைகளின் சந்துகளில், அரைத்த மிளகுத்தூள் சிதறியதுபோலப் பொடிப்பொடியாகக் கிராஃபைட் கிடந்தது. ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் வகைப்பாட்டில் அதற்கு டி வகை என்று பெயர். கார்பன் சமானம் (கார்பனும் சிலிக்கானும் சேர்ந்த கணக்கு) குறைந்த உலோகம், மெல்லிய விலாவில் வேகமான குளிர்ச்சி, போதாக்குறைக்கு லேடிலில் (ஊற்றும் வாளியில்), செதில் நன்றாக உருவாகப் போட்ட இனாகுலண்டான ஃபெரோ சிலிக்கானின் வீரியம் ஊற்றுவதற்குள் இறங்கிப்போனது ஆகிய மூன்றும் சேர்ந்து அதை உண்டாக்கியிருந்தன. இனாகுலண்ட் போட்ட உலோகம் காய்ச்சிய பால் போன்றது, வைத்திருந்தால் ஏடு படிந்துவிடும் என்று எங்கள் மெல்டர் சொல்வார்; கால் மணி நேரம் காத்திருந்த லேடிலில் அதன் பயன் பெருமளவு போய்விடுகிறது.

அன்றிலிருந்து இருபது ஆண்டுகளாக, புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொல்லிவந்திருக்கிறேன்: வலுவை ஏற்றினோம், செதிலைக் கொன்றோம், சேட்டரை வாங்கினோம்.

08.02.2024, மதியம்

"அப்படியானால் செதிலை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கலாமே" என்று வாசகர் கேட்டிருக்கிறார். பெரிதாக்கலாம், ஆனால் அதற்கும் விலை உண்டு. செதில் நீளமாக நீளமாக வலு இறங்குகிறது, விறைப்பும் இறங்குகிறது. எஸ்.ஜி.யின் மீள்தன்மைக் குணகம் 170 ஜிகாபாஸ்கலுக்கு அருகில் நிற்க, சி.ஐ.யின் குணகம் கிரேடைப் பொறுத்து 70க்கும் கீழிருந்து 140 வரை அலைகிறது. ஸ்லைடு ஓடும் பெட்டுக்கு, அதாவது மெஷினின் அடித்தளத்துக்கு, தேய்மானம் தாங்கவும் வேண்டும்; அதற்குப் பெர்லைட் நிறைந்த அணியும் நடுத்தரச் செதிலும் தேவை. ஆகவேதான் பெட் வார்ப்புகளுக்கு எஃப்.ஜி. 260 போன்ற நடுவாந்தர கிரேடுகளில் வந்து நிற்கிறார்கள். நேர்மாறாக, கார் பிரேக் டிஸ்க்கில் கார்பனை வேண்டுமென்றே 3.6 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றிச் செதிலைப் பெரிதாக்கும் வழக்கம் உண்டு. அங்கே வெப்பம் விரைவாகப் பரவ வேண்டும், கீச்சொலியும் அடங்க வேண்டும். இழுவிசையில் கொஞ்சம் போனால் பரவாயில்லை.

மேலும், "ஒரு வார்ப்பின் செதில் அளவு" என்று ஒன்றே ஒன்று கிடையாது. 60 மி.மீ. தடித்த அடிப்பகுதியில் செதில் மெதுவாக வளர்ந்து நீள்கிறது. அதே வார்ப்பின் 10 மி.மீ. விலாவில் பொடியாக நிற்கிறது. நான் அந்தத் தூணில் விலாவை மட்டும் அறுத்துப் பார்த்துவிட்டு முழுத் தூணுக்கும் தீர்ப்பு எழுதியது இப்போது யோசித்தால் சரியாகப் படவில்லை.

இன்னொரு பாவமும் நினைவுக்கு வருகிறது. மெருகேற்றும்போது துணியை அழுத்தித் தேய்த்தால் கிராஃபைட் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். செதில் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய பள்ளம் மிஞ்சும். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் கறுப்புதான். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் பள்ளங்களை அளந்து "செதில் அளவு 3" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுபடி நிதானமாக மெருகேற்றியபோது அது 5; எண் ஏற ஏறச் செதில் சிறியது. செதிலின் உள்ளே சாம்பல் நிறப் பளபளப்பு தெரிகிறதா என்று பார்க்காமல் அளவு எழுதக் கூடாது என்று மூத்தவர் அன்று மண்டையில் தட்டினார். அந்தத் தட்டு "டொக்" என்றுதான் கேட்டது.

11.02.2024, ஞாயிறு

பேசிக்கொண்டே இருப்பதைவிட அளந்துவிடலாம் என்று மூன்று துண்டுகளைத் தேடி எடுத்தேன்: எஃப்.ஜி. 200 டெஸ்ட் பார், எஸ்.ஜி. தண்டு, எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடு. மூன்றையும் 30 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்து 300 மி.மீ. நீளத்துக்கு வெட்டினேன். இரண்டு முனைகளிலும் நூல் கட்டித் தொங்கவிட்டு, சிறிய சுத்தியலால் நடுவில் தட்டி, கைபேசியில் ஒலியைப் பதிவு செய்து அலைவடிவத்தைப் பார்த்தேன்.

முதல் முடிவு அபத்தமாக இருந்தது. எம்.எஸ். ராடு எஸ்.ஜி.யைவிடச் சீக்கிரம் அடங்கிவிட்டது! அரை மணி நேரம் குழம்பிய பிறகுதான் புரிந்தது: இப்படி அதிரும் தண்டின் முனைகள்தாம் அதிகம் ஆடும் இடங்கள். அங்கே நூலைக் கட்டினால், அளப்பது இரும்பின் தணிப்பை அன்று, நூலின் தணிப்பை. ஆடாத புள்ளி ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 0.224 பங்கு தள்ளி இருக்கிறது. 67 மி.மீ. அளந்து குறித்து அங்கே நூலை மாற்றியதும் மூன்றும் தத்தம் குணத்துக்குத் திரும்பின. எம்.எஸ். ஒரு நொடிக்கு மேல் பாடியது, எஸ்.ஜி. அரை நொடி; டெஸ்ட் பார் அலைவடிவத்தில் ஒரு கூம்பு போல எழுந்து, பத்தில் ஒரு பங்கு நொடியைச் சற்றுத் தாண்டியதும் தரையோடு படுத்துவிட்டது.

சுருதியையும் குறித்துக்கொண்டேன். எம்.எஸ். 1,480 ஹெர்ட்ஸ், எஸ்.ஜி. 1,420, டெஸ்ட் பார் 1,080. பட்டறையில் நாம் தட்டிப் பார்த்து "இது எஸ்.ஜி., இது சி.ஐ." என்று சொல்லும்போது பாதி வேலை செய்வது இந்தச் சுருதிதான். ஆனால் சுருதி சொல்வது விறைப்பை. எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதே தணிப்பைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே காதால் கேட்பதால் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே விரிசல் விட்ட எஸ்.ஜி.யும் "டொக்" என்றுதான் சொல்லும். அதைக் கேட்டு "அருமையான டேம்பிங்" என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

11.02.2024, மாலை

விடுபட்டது: நான் தட்டியது மெல்லிய தட்டு. சி.ஐ.யின் தணிப்பு வீச்சைப் பொறுத்து மாறக்கூடியது; அதிர்வின் அழுத்தம் ஏற ஏறச் செதில் முனைகளில் நடக்கும் வளைவு கூடி, தணிப்பும் கூடுகிறது. ஆகவே என் வீட்டு அளவீடு சி.ஐ.க்குக் குறைந்தபட்ச மதிப்பெண்ணைத்தான் கொடுத்திருக்கிறது. இரண்டு பேர் கொடுக்கும் தணிப்பு எண்கள் ஒத்துப்போகாவிட்டால், எந்த அழுத்தத்தில் அளந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

மூன்று தண்டுகளையும் கொடிக்கம்பியில் தொங்கவிட்டு மதியம் முழுவதும் தட்டிக்கொண்டிருந்ததில், பூஜை அறை மணி போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான்: மணி வார்ப்பவர் செம்போடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து எதை வளர்க்கிறாரோ அதைக் கொல்வதற்குத்தான் நாம் சம்பளம் வாங்கியிருக்கிறோம்.

16.02.2024, இரவு 11.00

முதல் நாள் எழுதிய பதிலை நான் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

தூண் கதையைப் படித்துவிட்டு, அந்தக் காலத்தில் எங்கள் பவுண்டரியில் ஃபிட்டராக இருந்தவர் நேற்றுத் தொலைபேசியில் அழைத்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். "ஏனுங்க தம்பி, செதில் செதில்னு எழுதிப் போட்டீங்களே, அந்தத் தூண் அடியில புளூ போட்டுப் பார்த்தது நானுங்க. ரெண்டு மூலைலதான் ஒட்டுச்சு. அத மட்டும் எழுதாம விட்டுட்டீங்களே" என்றார். புளூ என்பது முகம் எங்கெல்லாம் ஒட்டி உட்காருகிறது என்று காட்டும் நீலச் சாயம். எழுதாமல் விடவில்லை, எனக்கு அது தெரியவே தெரியாது. தூண் திரும்பி வந்தபோது நான் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்திருந்தேன். வாடிக்கையாளர் அவசரப்பட்டதால் அதே தூணின் அடிமுகத்தை இவர் ஸ்கிரேப் செய்து (கையால் சுரண்டிச் சமமாக்கி), அங்குலச் சதுரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளி ஒட்டும்படி கொண்டுவந்து திருப்பி அனுப்பியிருக்கிறார். அதன் பிறகு புகார் வரவில்லை. அதற்கு மாற்றாக நாங்கள் புதிதாக வார்த்த தூண் ஆறு மாதம் யார்டில் கிடந்தது ஏன் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

தூங்காமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய செதில் சி.ஐ.க்கு மேலே சொன்ன 100 என்ற எண்ணைத் தணிப்பு விகிதமாக மாற்றினால் 0.0016, அதாவது 0.16 சதவிகிதம். எஸ்.ஜி.க்கு 0.016 சதவிகிதம். ஆனால் பூட்டி நிறுத்திய ஒரு மெஷின் முழுதாக அதிரும்போது அளந்தால் 2 முதல் 5 சதவிகிதம் வரை தணிப்பு இருப்பது சாதாரணம். மீதி எங்கிருந்து வருகிறது? போல்ட் போட்டு இறுக்கிய முகங்கள், ஸ்லைடுகள், ஜிப் (ஸ்லைடின் இடைவெளியை இறுக்கும் பட்டை), எண்ணெய்ப் படலம், பேரிங் ஆகிய இணைப்புகளிலிருந்து. 3 சதவிகிதத் தணிப்புள்ள மெஷினில் இரும்பை எஸ்.ஜி.யிலிருந்து சி.ஐ.க்கு மாற்றினால் இரும்பின் பங்கு 0.14 சதவிகிதம் கூடும். ஆயிரம் ரூபாய் சம்பளத்தில் ஐம்பது ரூபாய்க்கும் குறைவான உயர்வு. அதே மெஷினில் ஓர் இருக்கை சரியாக ஒட்டாவிட்டால் விறைப்பும் தணிப்பும் சேர்ந்து போகின்றன. செதில் 500 வரை போகும் மிகப் பெரிய வகையாக இருந்தால் இரும்பின் பங்கு 0.8 சதவிகிதமாகும், அப்போது அதைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் யாரும் ஃபிக்ஸரை அந்த இரும்பில் வார்ப்பதில்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேட்டர் இல்லாமல் எவ்வளவு ஆழமாக வெட்டலாம் என்பதைத் தணிப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. விறைப்பையும் தணிப்பு விகிதத்தையும் பெருக்கி வரும் எண் தீர்மானிக்கிறது. எஃப்.ஜி. 200ஐவிட எஸ்.ஜி.யின் விறைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். இணைப்புகள் ஒழுங்காக இருந்தால், வாசகரின் எஸ்.ஜி. ஃபிக்ஸர் பழையதைவிட நன்றாகவே வெட்டியிருக்க வேண்டும்! ஆகவே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன்: புதிய ஃபிக்ஸரின் அடியில் யாராவது புளூ போட்டுப் பார்த்தீர்களா? வார்ப்பை ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்தார்களா, அதாவது சூடேற்றி உள்ளழுத்தத்தைப் போக்கினார்களா?

20.02.2024

வாசகர் பார்த்துச் சொல்லிவிட்டார். புளூ நான்கு மூலைகளில் மூன்றில்தான் ஒட்டியிருக்கிறது. நான்காவது மூலையில் 0.08 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) உள்ளே போகிறது. வார்ப்பு வந்த மூன்றாம் நாளே மெஷின் செய்து மாட்டியிருக்கிறார்கள். 550 டிகிரி அளவில் சூடேற்றி மெதுவாக ஆறவிடும் வேலை நடக்கவில்லை. அடிமுகத்தை மில்லிங் செய்யும்போது சமமாகத்தான் இருந்திருக்கும். தோலை எடுத்ததும் உள்ளே பூட்டிக் கிடந்த அழுத்தம் அவிழ்ந்து வார்ப்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது. பழைய ஃபிக்ஸர் பதினைந்து ஆண்டுகளில் படிந்து தேய்ந்து டேபிளோடு பழகிவிட்டது; புதியது மூன்று காலில் நிற்கும் நாற்காலி.

"மாறியது இரும்பு மட்டும்தான்" என்று கேள்வியில் இருந்த வாக்கியத்தை நான் முதல் நாளே சந்தேகித்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்த விடைக்கு அது வாகாக இருந்ததால் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன்.

27.02.2024, இரவு

அடிமுகத்தை ஸ்கிரேப் செய்து மாட்டியாயிற்று. வழக்கமான வேகத்தில் வரிகள் போய்விட்டன. ஆனால் முழு வெற்றி என்று எழுத முடியவில்லை. கேசிங்கின் மேல் விளிம்பை அழுத்திப் பிடிக்கும் கை, அதாவது பழைய ஃபிக்ஸரில் முறிந்த அதே கை, ஃபினிஷ் பாஸில் இன்னும் கீச்சிடுகிறது என்று ஒலிப்பதிவை அனுப்பியிருக்கிறார். மெஷின் நின்றிருக்கும்போது கையைச் சுத்தியலால் தட்டிய பதிவும் இருந்தது. கேட்டதுமே சிரித்துவிட்டேன்: என் கொடிக்கம்பியில் தொங்கிய எஸ்.ஜி. தண்டின் அதே நீண்ட இழுப்பு.

அந்தக் கை உடலோடு சேர்த்து ஒரே வார்ப்பாக, ஒரு பக்கம் பிடிப்பு இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் போல்ட் இல்லை, ஸ்லைடு இல்லை, எண்ணெய்ப் படலம் இல்லை. அது தனியாக அதிரும்போது இணைப்புகளின் தணிப்பு அதற்குக் கிடைப்பதில்லை. இரும்பு என்ன கொடுக்கிறதோ அவ்வளவுதான். அங்கே மட்டும் செதிலா கடுகா என்ற கேள்வி முழுப் பலத்தோடு திரும்பி வருகிறது. ஆகவே 3ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெற்றதிலிருந்து ஒரு கையளவை மட்டும் மீட்டுக்கொள்கிறேன்.

கைக்காக முழு ஃபிக்ஸரையும் மறுபடி வார்க்க வேண்டியதில்லை. கையின் மேல்முகத்தில் 2 மி.மீ. ரப்பர் ஷீட்டை ஒட்டி, அதன்மேல் 5 மி.மீ. ஸ்டீல் பட்டையை ஒட்டச் சொன்னேன். கை வளையும்போது இரும்புக்கும் பட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு ஆற்றலைத் தின்னும். கிராஃபைட் அடுக்குகள் உள்ளே செய்யும் வேலையை வெளியே பெரிய அளவில் செய்யும் ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். போல்ட் போட்டு இறுக்க வேண்டாம். இறுக்கினால் ரப்பர் நகர இடமின்றிச் செத்துவிடும்.

02.03.2024

ஒட்டிய பிறகு தட்டிய பதிவு வந்திருக்கிறது. "டொக்."

அடுத்த முறை வார்ப்பதென்றால் எதில் வார்ப்பது என்று கேட்கிறார். உடல் எஃப்.ஜி. 260இல் இருக்கட்டும், கையைத் தனி வார்ப்பாக எஸ்.ஜி.யில் செய்து, ஸ்கிரேப் செய்த முகத்தோடு போல்ட்டில் பூட்டலாம். விழுந்தால் முறியாது, பூட்டிய முகமும் கொஞ்சம் தணிப்பைக் கொடுக்கும். இரண்டு வார்ப்புகளையும் ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்யாமல் வாங்காதீர்கள். சி.ஐ. பேட்டர்னில் ஏறக்குறைய 1 சதவிகிதச் சுருக்கம் கணக்கிட்டிருப்பார்கள், எஸ்.ஜி. சுருங்குவது அதோடு ஒத்துப்போகாது என்பதால் கைக்குப் புதிய பேட்டர்ன் செய்வது நல்லது. செதிலும் இல்லாத கடுகும் இல்லாத நடுவகை ஒன்று உண்டு. புழு போலத் தடித்துக் குறுகிய கிராஃபைட். டீசல் எஞ்சின் பிளாக்குகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். வலுவும் தணிப்பும் இரண்டுக்கும் இடையில் வரும். ஆனால் மெக்னீசியம் ஒரு சிட்டிகை தவறினால் செதிலுக்கோ கடுகுக்கோ தாவிவிடும் என்பதால், ஒற்றை ஃபிக்ஸருக்கு அதை எந்தப் பவுண்டரியும் விரும்பி ஏற்காது.

03.03.2024, காலை

சிறு திருத்தம். 67 மி.மீ. என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு இன்னொருவர் 250 மி.மீ. தண்டில் அதே இடத்தில் நூலைக் கட்டி, எஸ்.ஜி.யும் சி.ஐ.யும் ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்கின்றன என்று எழுதியிருக்கிறார். 67 என்பது 300 மி.மீ. நீளத்துக்கு மட்டும். உங்கள் தண்டுக்கு 56 மி.மீ. வரும், நூலை மாற்றிக் கட்டிவிட்டு மறுபடி தட்டுங்கள்.